சப்பாத்துச் சத்தம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8-1-1934

அன்புள்ள அக்கா பவுனம்மாளுக்குத் தம்பி கன்னையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தனலெட்சுமியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். மாமாவின் முதுகுவலி தேவலையா என்று எழுதவும்.

சந்தோஷமான சமாசாரம் ஒன்று. எங்கள் ரயில்வேயில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார். அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் ஓர் இரும்புக் கட்டில் எடுத்தேன். ஸ்பிரிங் வைத்தது, தலைமாட்டில் பித்தளைக் குமிழ். அதைச் சாமான் வண்டியில் ஏற்றிக் கிள்ளான் ஆதரவு இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். நம் அப்பாவுக்குத்தான்.

அப்பாவை இல்லத்தில் சேர்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. என்னோடு இருந்தபோது தண்டவாளத்தில் இறங்கி நடந்தார். உன்னோடு இருந்தபோது ரப்பர் பால்மரக் காட்டுக்குள் போய் வழி தெரியாமல் நின்றார். வேலை செய்யாத கிழவனுக்குக் கூலி லயத்தில் வீடு இல்லை என்று உங்கள் தோட்டத்துத் தொரையும் சொல்லிவிட்டார். வேறு வழி இல்லைதான். ஆனால் நாலு பேர் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பெற்றவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் ஆபீஸ் கிராணி என்கிறார்கள். அந்த இல்லத்தில் எல்லாரும் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். நம் அப்பா தோட்டத்தில் தண்ணீர்க் காண் வெட்டி, புல் வெட்டி, ஆயுசெல்லாம் தரையில் கிடந்தது போதும்.

கால்மாட்டுத் தகட்டில் 'உபயம்: அ. கன்னையா, ரயில்வே கிராணி' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதே. கோயில் விளக்குக்கு எழுதுகிறார்கள், அப்பன் கட்டிலுக்கு எழுதினால் என்ன?

பொங்கல் கழிந்த ஞாயிறு நேரில் போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கன்னையா


காப்பார் தோட்டம்
23-1-1934

தம்பி கன்னையாவுக்கு அக்கா ஆசீர்வாதம். உன் மாமா முதுகு அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு மழைக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

கட்டிலைப் பார்த்தேன். சிரிக்காதே என்று எழுதியிருந்தாய், நானும் முடிந்தமட்டும் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கூடத்தில் இத்தனை பேரும் பாயில் கிடக்க, நடுவில் அப்பா மட்டும் மாப்பிள்ளை மாதிரி மேலே உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக்காரன் உயரத்துக்குச் செய்த கட்டில் இல்லையா, அப்பா கால் தரையைத் தொடவில்லை. அந்தரத்தில் ஆடுகிறது. பித்தளைக் குமிழைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். என்னை யாரென்று கேட்டார். பவுனு என்றேன். "பவுனு சின்னப் பொண்ணாச்சே" என்றார். நான் வெளியே வந்து கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

மேற்பார்வை பார்க்கும் மார்க்கிரட் அம்மா நல்ல மனுஷி. யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். "அண்ணன் பெரிய மனசு வச்சு அனுப்பியிருக்கிறார்" என்றார். தம்பி என்று திருத்தினேன்.

நீ போன ஞாயிறு வந்தாயாமே? அப்பா எப்படி இருந்தார், உன்னோடு பேசினாரா? ஒரு வரிகூட எழுதவில்லையே.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
11-2-1934

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே யாவரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதச் சுணங்கியதற்கு ஆபீஸ் வேலைதான் காரணம்.

அப்பாவைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அதிக நேரம் இருக்க முடியவில்லை.

கட்டிலுக்குக் கொசுவலை வேண்டுமா என்று மார்க்கிரட் அம்மாவைக் கேட்டு எழுது. வெள்ளை வலையாக வாங்கி அனுப்புகிறேன். மெத்தை உறை அழுக்காகியிருந்தால் அதற்கும் ஏற்பாடு செய்யலாம். அடுத்த மாதமும் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது, லீவு கிடைக்காது போலிருக்கிறது.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

கன்னையா


காப்பார் தோட்டம்
4-3-1934

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். தனலெட்சுமிக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன், ஆடாதொடை கிடைத்தால் கஷாயம் வைத்துக் கொடு.

கொசுவலை கிடக்கட்டும். அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நெற்றி பிளந்து தையல் போட்டிருக்கிறார்கள். நான் போனபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இது முதல் தடவை இல்லையாம். போன தடவை முழங்கால் என்று ஒரு ஆயா சொன்னாள். அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மார்க்கிரட் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "என்ன செய்யிறது பிள்ளை, வயசு போனால் விழுந்தெழும்புகிறதுதான்" என்றார். ஏதோ மறைக்கிறார்.

பாயில் படுக்க வைக்கச் சொன்னேன். அதற்கும் தயங்குகிறார். உபயகாரர் பெயர் எழுதிய கட்டிலை எடுத்து மூலையில் சாத்தினால், நாளைக்கு நீ போய் இல்லத்துக் கமிட்டியில் பிராது கொடுத்துவிடுவாயோ என்று பயம். கன்னையா, கட்டிலில் உன் பெயர் இருக்கிறது, அப்பா நெற்றியில் தையல் இருக்கிறது. ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் கொடு. கீழே இறக்கிவிடட்டும்.

நேரில் வந்தால் இன்னும் நல்லது.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
27-3-1934

அன்புள்ள அக்காவுக்கு, தனலெட்சுமிக்கு இருமல் நின்றுவிட்டது. உன் கஷாயம்தான்.

உன் கடிதத்தைப் படித்து வேதனைப்பட்டேன். ஆனால் பாய் வேண்டாம் அக்கா. நான் இங்கே ஸ்பிரிங் மெத்தையில் படுத்துக்கொண்டு, அப்பாவைத் தரையில் போடு என்று என் கையால் எப்படி எழுதுவேன்? தொரை குதிரையில் வந்தால் அவர் காணுக்குள் இறங்கி நிற்பதைச் சின்ன வயசில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் கீழேயே நின்று கழித்த மனுஷன். கடைசிக் காலத்திலாவது கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா?

ஒர்க்‌ஷாப் தச்சரிடம் சொல்லி, கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்புப் பலகை செய்து அனுப்புகிறேன். தொட்டில் மாதிரி இருக்கும், விழமாட்டார்.

லீவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைப்பது சந்தேகம்.

கன்னையா


காப்பார் தோட்டம்
19-4-1934

கன்னையாவுக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன் பலகை வந்தது, மாட்டினார்கள். அப்பா அதன் மேல் ஏறித் தாண்டி, முன்னைவிட உயரத்திலிருந்து விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மரச்சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்து, "இது யாரு கையி?" என்று கேட்கிறார்.

இடுப்பு முறிந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார், அதோடு முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கமிட்டி கூடி ஒரு தீர்மானம் செய்திருக்கிறது. ஒன்று, பகலிலும் இரவிலும் இடுப்பில் துணி போட்டுக் கட்டிலோடு கட்டி வைக்க நாம் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். எங்கே அழைத்துப் போவது? தண்டவாளத்துக்கா, பால்மரக் காட்டுக்கா?

மாட்டைத்தான் கட்டுவார்கள் தம்பி. அப்பா யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர். அவரைக் கட்டிப் போட்டுவிட்டு நான் எப்படிக் காட்டில் போய்ப் பால் வெட்டுவேன்? உயரம் உயரம் என்று எழுதினாயே, விழுவதற்குத்தான் உயரம் கொடுத்திருக்கிறாய். கோபத்தில் எழுதுகிறேன், உன் மனசு நோகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பவுனம்மாள்


போஸ்ட் கார்டு
பிரிக்பீல்ட்ஸ், 22-4-1934

அக்காவுக்கு. அப்பாவைக் கட்டக் கூடாது. கட்டிலை எடுத்துவிடட்டும், பாய் போடட்டும். மார்க்கிரட் அம்மாவுக்கும் கமிட்டிக்கும் இன்றே தனியாக எழுதிவிட்டேன். என் பெயரைச் சுரண்டிவிடச் சொல்லியிருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும். கன்னையா.


காப்பார் தோட்டம்
20-5-1934

அன்புத் தம்பி கன்னையாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நல்லபடி. போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். நீ கார்டு போட்ட அன்று அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பாய்க்கு மாறிய பிறகும் அப்பா விழுந்தார். பாயிலிருந்து எழுந்து நின்று, நாலடி நடப்பதற்குள் கால் பின்னி விழுந்தார். கமிட்டி மறுபடி கட்டி வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. சரி, என்னதான் நடக்கிறது என்று பார்க்க, கங்காணியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு போய் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

காலையெல்லாம் சாதுவாக இருந்தார். ஆயாமார் வெறுங்காலோடு நடமாடுகிறார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் டாக்டர் வந்தார். வெராந்தா சிமெண்டில் சப்பாத்துச் சத்தம் டக்டக்கென்று கேட்டது. அவ்வளவுதான், அப்பா துடித்து எழுந்தார். நல்ல வேளை, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் கமிட்டித் தலைவர் வந்தார், அப்போதும் அப்படியே. சப்பாத்துக் கால் வந்தால் எழுந்து நிற்கிறார் கன்னையா. தொரை வந்தால் கூலிக்காரன் உட்கார்ந்திருக்கக் கூடாதே. எல்லாம் மறந்துபோன மனுஷனுக்கு இந்தப் பயம் மட்டும் மறக்கவில்லை.

மார்க்கிரட் அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே உத்தரவு போட்டுவிட்டார், வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கேட்டிலேயே சப்பாத்தைக் கழற்ற வேண்டும். "கோயிலுக்குக் கழட்டுறியள், இங்கையும் கழட்டுங்கோ" என்று டாக்டரிடமே சொன்னாராம். தலைவர் காலுறையில் ஓட்டை, அதனால் அவருக்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு. அதற்கப்புறம் அப்பா விழவில்லை.

இன்னொன்று. ஜனவரியில் நடந்ததை மார்க்கிரட் அம்மா சொல்லிவிட்டார். நீ தொப்பியும் சப்பாத்துமாக வந்தாயாம். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, உன் கண் முன்னாலேயே விழுந்தாராம். நீதான் தூக்கி உட்கார வைத்தாயாம். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாயாம். நான் உன்னைத் திட்டப் போவதில்லை தம்பி. ஆனால் அதற்கப்புறம் நீ வரவே இல்லையே.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
17-6-1934

அன்புள்ள அக்காவுக்கு, பிள்ளைகள் சுகம். பெரியவன் பரீட்சையில் தேறிவிட்டான்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுதியதெல்லாம் பொய், நான் கேட்கவே இல்லை.

அன்று கூடத்துக்குள் நுழைந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். முகம் எப்படியோ ஆனது. வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் தூக்கினார். அக்கா, அவர் எனக்குச் சலாம் போட்டார். அப்படியே முகங்குப்புற விழுந்தார். எனக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்று அவர் தொரை பங்களா வாசலில் நின்றது உனக்குத் தெரியும். அந்தப் படிப்பு எனக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது. கடைசியில் அவருக்கு நானே தொரை ஆகிவிட்டேன். பெற்ற அப்பனைப் பயந்து எழுந்திருக்க வைக்கிறவன் எந்த முகத்தோடு மறுபடி போவான்? நான் போகாமல் இருந்தால் அவர் விழாமல் இருப்பார் என்று நினைத்தேன். அதுதான் என் நியாயம்.

இப்போது விழவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது போதும்.

கன்னையா


காப்பார் தோட்டம்
15-7-1934

தம்பி கன்னையாவுக்கு அக்கா ஆசீர்வாதம். பெரியவனுக்கு என் முத்தம். உன் மாமாகூட, நம்ம வீட்டுப் பிள்ளையாக்கும் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அப்பா விழவில்லை. கையும் கூடிவிட்டது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் எழுந்திருப்பதே இல்லை. எந்நேரமும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். முன்பெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டாவது இருப்பார், இப்போது அதுவும் இல்லை. கஞ்சியை வாயில் வைத்தால் ஓரத்தில் வழிகிறது. "விழுகிறதை நிப்பாட்டினம், ஆள் உயிரோடை இருக்கிறதையும் நிப்பாட்டிப் போட்டமோ தெரியேல்லை" என்று மார்க்கிரட் அம்மா சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வந்துவிடு கன்னையா. தொரையாக வரவேண்டாம், வேட்டி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வா. பாயில் பக்கத்தில் உட்காரு. உன்னைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு அவர் போய்விட்டால், நீ இந்தப் பயத்தை ஆயுசுக்கும் சுமந்துகொண்டு இருப்பாய்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
30-7-1934

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை இது உண்மை.

நேற்று கிள்ளானுக்குப் போனேன். நீ சொன்ன மாதிரியே வேட்டி கட்டி, கேட்டில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பாய் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன். எலும்புதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார்.

"யாருப்பா நீ? எந்த லயம்?"

நான்தான் கன்னையா என்றேன். உங்கள் மகன் என்றேன்.

அப்பா சிரித்தார் அக்கா. பல்லில்லாத வாயால், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "எம்மவன் கிராணியாக்கும். சப்பாத்துப் போட்டுக்கிட்டு வருவான். நீ வெறுங்காலு" என்றார்.

சப்பாத்துச் சத்தம் கேட்டால் நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள், பயமா என்று கேட்டேன்.

"என்னா பயம்? அவன் வந்துட்டானான்னு பாக்கத்தான். வாசப் பக்கம் போயி கூட்டியாரணுமில்ல? அவனுக்கு இந்த எடம் தெரியாது. இப்பல்லாம் சத்தமே கேக்கல. அவன் வரமாட்டான் போலருக்கு."

சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நாம் இரண்டு பேரும் இத்தனை மாதமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் பார்த்தாயா? கூலிக்காரன் பிள்ளைகள் நாம், அதனால் அவர் கையைத் தூக்கினால் சலாம் என்றே நமக்குத் தெரிந்தது. டாக்டருக்காகவும் தலைவருக்காகவும் அவர் எழுந்திருக்கவில்லை. அத்தனை தடவையும் எனக்காக எழுந்து, எனக்காக விழுந்திருக்கிறார். நான் கிள்ளான் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தேன்.

எழுந்து கேட்டுக்கு ஓடினேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வேட்டியோடு அந்தக் கோலத்தில் வெராந்தாவில் ஏறி, சிமெண்டில் ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தேன். ஆயா ஒருத்தி, "ஐயா, சப்பாத்து!" என்று கத்தினாள். மார்க்கிரட் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கூடத்து வாசலுக்கு வருவதற்குள் அப்பா திரும்பிவிட்டார். முழங்காலை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தார். ஜனவரியில் பார்த்த அதே முகம். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். இந்தத் தடவை நான் வாசலில் நிற்கவில்லை. ஓடிப்போய் அந்தக் கைகளுக்குள் நுழைந்து, இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முழுப் பாரத்தையும் என் மேல் சாய்த்தார், ஒரு பிள்ளையின் கனம்கூட இல்லை.

"வந்துட்டியா கன்னையா" என்றார். கீழே குனிந்து என் காலைப் பார்த்தார். "சப்பாத்து காலக் கடிக்குதாடா?" என்று கேட்டார்.

இல்லையப்பா என்றேன். அப்படியே வெராந்தா வரைக்கும் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து கோப்பி குடித்தோம். கொஞ்ச நேரத்தில் நான் யாரென்பது மறுபடி மறந்துவிட்டது. எந்த லயம் என்று கேட்டார். பரவாயில்லை, நாம் இருந்த பழைய லயத்தைச் சொன்னேன்.

மார்க்கிரட் அம்மாவிடம் பேசிவிட்டேன். இனி ஞாயிறுதோறும் வருவேன். மற்றவர்கள் கழற்றட்டும், நான் மட்டும் சப்பாத்தோடு வருவேன். எழுந்திருக்காமல் இருக்க அவரால் முடியாது, எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசில்லை. ஆனால் வெராந்தாவிலிருந்து அவர் பாய் வரைக்கும் எனக்குக் கொஞ்ச தூரம் இருக்கிறது, நான் போய்ச் சேர்வதற்குள் அவர் விழுந்துவிடலாம். அதனால் வருகிற ஞாயிறு நீ காலை பஸ்ஸிலேயே போய்விடு அக்கா. நான் வருவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிரு.

உன் தம்பி,
கன்னையா